கருத்து வரைபடமும் உரைப் பகுப்பாய்வும்: தரவு கைமாறும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சிமேப்டூல்ஸ், ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட் போன்ற ஒன்றில் கருத்து வரைபடம் வரைந்து வைத்திருக்கிறீர்கள். நேர்காணல் உரைகள் என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ, குவால்கோடர் ஆகிய உரைப் பகுப்பாய்வு மென்பொருள்களில் ஏதோ ஒன்றில் இருக்கின்றன. வரைபடத்தில் உள்ள கருத்துகளை அங்கே குறியீடுகளாக, அதாவது உரைத் துண்டுகளுக்கு ஒட்டும் பெயர்களாக, ஆக்க வேண்டும். அல்லது அங்கே உருவான குறியீடுகளை இங்கே வரைபடமாக்க வேண்டும். ஏற்றுமதி செய்யும்போது எல்லாம் சரியாக நடந்ததுபோல் தோன்றும். மறுபக்கம் திறந்து பார்க்கும்போதுதான் பாதியைக் காணவில்லை என்பது தெரியவரும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் விலகிவிடும். 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழுவினர் உருவாக்கிய கருத்து வரைபடத்தில் பொருள் தங்கியிருக்கும் இடம் கூற்று. ஒரு கருத்து, ஓர் இணைப்புச் சொல், இன்னொரு கருத்து என மூன்றும் சேர்ந்தால்தான் அது கூற்று. பகுப்பாய்வு மென்பொருளின் குறியீட்டுப் பட்டியலோ பெரும்பாலும் ஒரு மரம். தாய்க் குறியீடு, அதன் கீழே சேய்க் குறியீடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் உரைத் துண்டுகளுக்கு ஒரு முடிச்சு. கருத்து வரைபடமோ ஒரு வலை. வலையை மரமாக்கும்போது கிளைவிட்டுக் கிளை பாயும் குறுக்கு இணைப்புகள் அறுபடுகின்றன. மரத்தை வலையாக்கும்போது உரைத் துண்டுகள் நழுவுகின்றன. இரண்டையும் ஒருசேரச் சுமந்து செல்லும் கோப்பு வடிவம் நடைமுறையில் கைக்கு எட்டுவதில்லை. அதனால்தான் எந்த இரண்டு மென்பொருளுக்கு இடையிலும் ஒரு கூற்று அட்டவணையை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வலியுறுத்துகிறேன். மூன்று நெடுவரிசைகள், ஒரு வரிக்கு ஒரு கூற்று. கீழே வரும் தீர்வுகளில் பாதி அந்த அட்டவணையை நம்பித்தான் இருக்கின்றன.

எதைத் தொடங்கும் முன்பும் இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் நகலெடுத்து வேறு கோப்புறையில் வையுங்கள். சோதனைகளை நகலில் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன

எப்படிச் சிதைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் தீர்வு. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு.

தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் வணிகமுத்திரைக் குறியும் மாறிமாறி வரிவரியாக வந்தால், தரவு பத்திரமாக இருக்கிறது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைதான் குறியாக்கம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். அந்த மூன்றையும் மூன்று மேற்கத்திய எழுத்துகளாக யாரோ படித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது எக்செல். சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். எக்செலின் தரவு மெனுவில் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி செய்யும் வழியில் போய், குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்டுவிடும் என்பதால் இந்த வேலைக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் தரவு போய்விட்டது. தமிழை அறியாத குறியாக்கத்தில் ஒருமுறை சேமித்துவிட்டார்கள். அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூல மென்பொருளுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏற்றுமதி செய்வது ஒன்றே வழி. கட்டம்கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு மட்டும்தான் பிரச்சினை.

ஃப்ரீமைண்ட் பயனர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் கோப்பை நோட்பேடில் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் கிடைக்காது. தமிழ் எழுத்துகளை எண்வடிவக் குறிகளாக மாற்றி எழுதிவைப்பது ஃப்ரீமைண்டின் வழக்கம். கோப்பு கெடவில்லை. எக்ஸ்எம்எல் படிக்கத் தெரிந்த எந்தக் கருவியும் அதைத் தமிழாகவே திருப்பித் தரும். ஆனால் 'கண்டுபிடி, மாற்று' என்று கோப்புக்குள் நேரடியாகக் கைவைத்தால்தான் கெடும்.

அறிகுறி: ஒரே குறியீடு இரண்டு மூன்று முறை பட்டியலில் இருக்கிறது

நிறையப் பேரை அலைக்கழிப்பது இதுதான். 'கொள்கை' என்று ஒரு குறியீடு, அதற்குப் பல துண்டுகள். சற்றுத் தள்ளி இன்னொரு 'கொள்கை', அதற்குச் சில துண்டுகள். பார்வைக்கு ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை.

ஒவ்வொரு குறிக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோடில் கொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். வரைபடத்தை ஒரு கணினியில் ஒரு விசைப்பலகையிலும், உரையை வேறொரு கணினியில் வேறொரு விசைப்பலகையிலும் தட்டச்சு செய்திருந்தால் இந்த இரட்டை வேடம் வந்துவிடுகிறது.

உறுதி செய்துகொள்ள எளிய வழி இருக்கிறது. இரண்டு குறியீட்டுப் பெயர்களையும் விரிதாளில் அடுத்தடுத்த அறைகளில் ஒட்டி, எழுத்து நீளத்தைச் சொல்லும் லென் சூத்திரத்தைப் போடுங்கள். 'கொள்கை' சேர்ந்த வடிவில் 6 என்று வரும், பிரிந்த வடிவில் 7 என்று வரும். இன்னொரு தடயமும் உண்டு. குறியெண் வரிசையில் அடுக்கும் மென்பொருளில், பிரிந்த வடிவம் 'கே', 'கை' சொற்களுக்கு முன்பாகவே, 'கெ' சொற்களின் வாலில் போய் நிற்கும். பட்டியலில் 'கொ' இருக்கக்கூடாத இடத்தில் ஒரு 'கொ' கண்ணில் பட்டால் அது இதுதான்.

தீர்வு, கூற்று அட்டவணையை என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் ஒரே வடிவத்துக்கு, கொண்டுவருவது. பைத்தானுடன் கூடவே வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயல்கூறு இதை ஒரே வரியில் செய்துவிடும். ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் துடைக்காது. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த சொற்களுக்குள் 8203, 8204, 8205 ஆகிய கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருக்கலாம். அவற்றையும், சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட இடைவெளிகளையும் தனியாக நீக்க வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சிக்கு அது எழுத்துப்பிழை என்றே தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சுத்திகரிப்பைக் குறியீட்டுப் பெயர்களுக்கு மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே குறியிட்டு முடித்த நேர்காணல் உரைகளின் பக்கம் போகாதீர்கள். ஏன் என்பது உரைத் துண்டுகளைப் பற்றிய பகுதியில் வருகிறது.

இரட்டிப்புக்கு இன்னொரு காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வரைபடத்தை வாக்கியமாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையில் 'பணிச்சுமை', 'அதிகரிக்கிறது', 'மன அழுத்தத்தை' என்று பெட்டிகளை எழுதிவிடுகிறோம். வேறோரிடத்தில் 'மன அழுத்தத்தால்', இன்னோரிடத்தில் 'மன அழுத்தம்'. மனிதக் கண்ணுக்கு ஒரு கருத்து. மென்பொருளுக்கு மூன்று குறியீடு. பெட்டிக்குள் எப்போதும் எழுவாய் வடிவம் மட்டுமே இருக்கட்டும். வேற்றுமை உருபை இணைப்புச் சொல்லோடு சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம், ஆனால் அதைச் சிறுகோட்டில் தொடங்காதீர்கள். கழித்தல் குறியிலோ சமக் குறியிலோ தொடங்கும் அறையை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ள முயலும். வெறும் வினையை மட்டும் எழுதிவிடுவதே என் விருப்பம். 'பணிச்சுமை – அதிகரிக்கிறது – மன அழுத்தம்' என்பதைப் படிக்கும் எவரும் உருபைத் தாமே சேர்த்துப் படித்துக்கொள்வார்கள்.

அறிகுறி: 'அதிகரிக்கிறது', 'காரணமாகிறது' எல்லாம் குறியீடுகளாக வந்துவிட்டன

சிமேப்டூல்ஸின் சிஎக்ஸ்எல் கோப்பை யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்றின் வழியே மாற்றியிருப்பீர்கள். அந்தக் கோப்பில் கருத்துகளுக்கு ஒரு பட்டியல், இணைப்புச் சொற்களுக்கு ஒரு பட்டியல், இணைப்புகளுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே இருக்கும். ஒரு கருத்திலிருந்து இன்னொரு கருத்துக்கு நேரடியாகக் கோடு போகாது. கருத்திலிருந்து இணைப்புச் சொல்லுக்கு ஒரு கோடு, அங்கிருந்து அடுத்த கருத்துக்கு இன்னொரு கோடு. ஒரு கூற்றுக்கு இரண்டு இணைப்புகள். இது தெரியாத ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் கணுவாக, அதாவது ஒரு கருத்துப் பெட்டியாக, எண்ணிவிடும்.

ஸ்கிரிப்டைத் திருத்துவதைவிட, சிமேப்டூல்ஸின் ஏற்றுமதி மெனுவில் கூற்றுகளை உரையாக எழுதித் தரும் வழியைப் பயன்படுத்துங்கள். டேப் குறியால் பிரித்த மூன்று நெடுவரிசைகள் கிடைக்கும். முதலும் மூன்றும் குறியீடுகள். நடுவில் இருப்பது உறவின் பெயர்.

இதைச் செய்தவுடன் இரண்டு புதிய ஐயங்கள் எழும். ஒன்று, வரைந்ததைவிட அதிகக் கூற்றுகள் வந்திருக்கும். ஒரே இணைப்புச் சொல்லுக்குள் இரண்டு கோடுகள் நுழைந்து மூன்று கோடுகள் வெளியேறினால், அது ஆறு கூற்றுகளாக விரியும். ஆறையும் நீங்கள் உண்மையில் சொல்ல நினைத்தீர்களா? பெரும்பாலும் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த இணைப்புச் சொல்லைப் பகிர்ந்திருப்பீர்கள். வரைபடத்துக்குத் திரும்பிப் போய், சொல்ல நினைத்த கூற்றுகளுக்கு மட்டும் தனித்தனி இணைப்புச் சொற்களைப் போடுங்கள். இது வெறும் கோப்புப் பராமரிப்பு இல்லை, ஆய்வின் வாதத்தைச் சரிபார்க்கும் வேலை. இதில் செலவாகும் நேரம் வீணாகாது.

மற்றொன்று, சில கருத்துகளைக் காணோம். எதோடும் இணையாமல் ஓரமாக நிற்கும் பெட்டி எந்தக் கூற்றிலும் இல்லை. ஆகவே பட்டியலிலும் இருக்காது. அவற்றை அட்டவணையின் முதல் நெடுவரிசையில் கையால் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: படிநிலை வந்தது, குறுக்கு இணைப்புகள் வரவில்லை

ஃப்ரீமைண்ட், ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட் போன்ற மன வரைபட மென்பொருள்களில் அடிப்படை அமைப்பே மரம்தான். கிளைவிட்டுக் கிளை பாயும் அம்புகள் தனியாக, ஒரு கணுவின் அடையாள எண்ணைச் சுட்டும் குறிப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. உள்தள்ளிய உரையாக ஏற்றுமதி செய்தால் மரம் மட்டும் வரும், அம்புகள் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பிலிருந்து அம்புகளை எடுத்துக் கூற்று அட்டவணையில் சேர்க்க வேண்டும். எக்ஸ்மைண்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பழைய பதிப்புகளில் உள்ளே எக்ஸ்எம்எல், புதிய பதிப்புகளில் ஜேசான். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் பார்க்கலாம்.

சில கணுக்களின் பெயர் வெறுமையாக வருகிறதென்றால், அந்தக் கணுவின் உரைக்குள் ஒரு பகுதிக்கு மட்டும் தடித்த எழுத்தோ வண்ணமோ போட்டிருப்பீர்கள். ஃப்ரீமைண்ட் அப்படிப்பட்ட கணுவின் பெயரை வழக்கமான இடத்தில் வைக்காமல் எச்டிஎம்எல் துண்டாக உள்ளே எழுதிவிடுகிறது. அலங்காரத்தை நீக்கிச் சேமித்தால் போதும்.

இனி உண்மையான சிக்கல். 'உறக்கக் குறைவு' என்ற கருத்து 'உடல்நலம்', 'பணிச்சுமை' இரண்டின் கீழும் வருகிறது. மரத்தில் அதற்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். இரண்டு இடத்திலும் நகல் வைத்தால், உரையைக் குறியிடும்போது ஒரு நாள் இதிலும் மறு நாள் அதிலும் போடுவீர்கள், எண்ணிக்கை உடையும். என் பரிந்துரை திட்டவட்டமானது: குறியீட்டை ஒரே இடத்தில் வையுங்கள், இரண்டாவது தொடர்பை உறவாகப் பதியுங்கள். என்விவோவில் உறவுகளுக்கென்றே தனி வகைக் குறியீடு இருக்கிறது. உறவுக்குப் பெயரும் திசையும் கொடுக்கலாம். அட்லஸ்.டிஐயில் குறியீட்டுக்கும் குறியீட்டுக்கும் இடையே பெயருள்ள தொடர்புகளை நெட்வொர்க் பகுதியில் வரையலாம். உறவுகளுக்கு இடமே இல்லாத மென்பொருளானால், குறியீட்டின் நினைவுக்குறிப்பில் அந்தக் கூற்றை முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். தேடினால் கிடைக்கும்.

டாகெட் போன்ற எளிய கருவிகளில் மரமும் கிடையாது, தட்டையான குறிச்சொற்கள் மட்டுமே. அங்கே தாயின் பெயரை முன்னொட்டாக வைப்பது வழக்கம்: 'உடல்நலம்: உறக்கக் குறைவு'. குவால்கோடரில் வகைக்குள் வகை வைக்கலாம், ஆனால் குறியீட்டின் கீழ் குறியீடு வைக்க முடியாது. தாயாகவும் இருந்து துண்டுகளையும் சுமக்கும் கருத்துகளை அங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்: அதே பெயரில் ஒரு வகை, அதற்குள் 'பொது' என்று ஒரு குறியீடு.

அறிகுறி: பொதுத் தரத்தில் அனுப்பியும் வரைபடம் வரவில்லை

ரெஃபி-க்யூடிஏ என்பது பகுப்பாய்வு மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்ட தரம். அதன் முதல் முழுப் பதிப்பு 2019இல் வந்தது. அதில் இரண்டு கோப்பு வகைகள். க்யூடிசி என்று முடிவது குறியீட்டுப் பட்டியல் மட்டும். க்யூடிபிஎக்ஸ் என்று முடிவது முழுத் திட்டம். வரைபடங்களுக்கும் குறியீடுகளுக்கு இடையிலான இணைப்புகளுக்கும் இடம் இருப்பது இரண்டாவதில்தான். நீங்கள் அனுப்பியது முதலாவது என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவதைத்தான் அனுப்பினேன், ஆனாலும் வரவில்லை என்றால், தவறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். க்யூடிபிஎக்ஸும் ஜிப் பொட்டலம்தான். நகலெடுத்து விரித்தால் உள்ளே திட்டக் கோப்பு ஒன்றும் மூல ஆவணங்களின் கோப்புறையும் இருக்கும். திட்டக் கோப்பில் வரைபடப் பகுதி இருந்தால், அனுப்பிய மென்பொருள் தன் கடமையைச் செய்திருக்கிறது. வாங்கியதுதான் அதைப் படிக்கவில்லை. இல்லையென்றால் அனுப்பும்போதே விடுபட்டது. தரத்தில் இடம் இருப்பதாலேயே எல்லா மென்பொருளும் அந்தப் பகுதியை எழுதும், படிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சில குறியீடுகள் வந்தும் உரையில் போட முடியவில்லையா? தரத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 'இதைக் கொண்டு குறியிடலாமா' என்ற ஆம்/இல்லைப் பண்பு உண்டு. வகைத் தலைப்புகள் 'இல்லை' என்று வந்திருக்கும். திட்டக் கோப்பில் அதை மாற்றிவிடலாம்.

அறிகுறி: உரைத் துண்டுகளின் வண்ணப்பட்டை இடம் நகர்ந்திருக்கிறது

குறியீடு சரி, ஆவணம் சரி, ஆனால் குறியிட்ட பகுதியைக் காட்டும் பட்டை இரண்டு எழுத்து தள்ளி, சொல்லின் நடுவில் தொடங்குகிறது. எளிய உரையில் ஒரு துண்டு என்பது தொடக்க எண், முடிவு எண் என்ற இரண்டே எண்கள். ஆவணத்தில் எங்கோ ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நகரும். நகர்வு எப்படி வளர்கிறது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு துண்டு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை குறி நகர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு என்றால், கோப்பின் தலையில் ஏதோ சேர்ந்திருக்கிறது: கண்ணுக்குத் தெரியாத தொடக்கக் குறி, அல்லது தலைப்பு வரி.

வரிக்கு வரி ஒன்று கூடிக்கொண்டே போனால், வரி முடிவுக் குறியே காரணம். விண்டோஸ் வரி முடிவுக்கு இரண்டு குறிகளை வைக்கும். லினக்ஸும் மேக்கும் ஒன்று வைக்கும். 200 வரி தாண்டிய இடத்தில் 200 குறி நகர்ந்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

ஓர் உணர்ச்சிப் படக்குறியைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று நகர்ந்தால், ஒரு பக்கம் அதை ஒரு குறியெண்ணாகவும் மறுபக்கம் யூடிஎஃப்-16இன் இரண்டு அலகுகளாகவும் எண்ணுகிறது. குறுஞ்செய்தி உரையாடல்களை ஆய்வுக்கு எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தமிழ் எழுத்துகளால் இந்த வகை நகர்வு வராது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறிகள் எல்லாம் இரண்டு எண்ணும் முறையிலும் ஒன்றாகவே கணக்காகும்.

ஒழுங்கே இல்லாமல், கொ, போ, தொ போன்ற எழுத்துகளைக் கடக்கும்போது நகர்ந்தால், யாரோ உரையை இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிரிந்து இருந்த ஒவ்வோர் ஒகரமும் சேரும்போது ஒரு குறி குறைகிறது. குறியிட்ட உரையைத் தொடாதீர்கள் என்று மேலே எச்சரித்தது இதற்காகத்தான். உரையைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், முதல் குறியீட்டைப் போடும் முன்பே, ஒரே தடவை செய்து முடியுங்கள். அதன்பின் அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே நகர்ந்துவிட்டதென்றால் எண்களைக் கூட்டிக் கழித்து ஒட்டுப்போடாதீர்கள். மூல மென்பொருளிலிருந்து ஒவ்வொரு துண்டின் உரையையும் அட்டவணையாக எடுத்து, அந்தச் சொற்களைப் புதிய ஆவணத்தில் தேடி இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதே நம்பகமான வழி. ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் வந்தால் மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அறிகுறி: குறியீடுகளை வரைபடமாக்கினால் நூல்கண்டு சிக்கியதுபோல் வருகிறது

பகுப்பாய்வு மென்பொருளிலிருந்து எந்தக் குறியீடு எதனோடு சேர்ந்து வருகிறது என்ற அட்டவணையை எடுத்து, அப்படியே வரைபடத்துக்குள் தள்ளியிருப்பீர்கள். 60 குறியீடுகளுக்கு 1,770 இணைகள் சாத்தியம். அதில் பாதி நிரம்பினாலும் எதையும் படிக்க முடியாது.

குறைந்த எண்ணிக்கை உள்ளவற்றை வெட்டலாம், வெட்டுங்கள். ஆனால் அதைவிட முக்கியமானது, சேர்ந்து வருவது கூற்று ஆகாது. இரண்டு குறியீடுகள் ஒரே பத்தியில் 14 முறை சந்தித்தன என்பது ஒரு எண். ஒன்று மற்றதற்குக் காரணம், தடை, உதாரணம் என்று சொல்வது ஆய்வாளர். எண்ணிக்கை கூடிய இணைகளை எடுத்து, அவற்றின் உரைத் துண்டுகளைப் படித்து, நடு நெடுவரிசையில் இணைப்புச் சொல்லை நீங்களே எழுதுங்கள். எழுத வராத இணையை விட்டுவிடுங்கள். பிறகு அந்த அட்டவணையை டேப் குறியால் பிரித்த உரைக் கோப்பாகச் சேமித்து சிமேப்டூல்ஸில் கூற்றுகளாக இறக்குமதி செய்யலாம். ஒரு வரி முழுவதும் ஒரே பெட்டிக்குள் விழுந்தால், டேப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளிகள் இருக்கின்றன.

அம்புகள் தலைகீழாக இருந்தால் முதல், மூன்றாம் நெடுவரிசைகள் இடம் மாறியிருக்கின்றன. எல்லா அம்பும் மாறாமல் சில மட்டும் மாறியிருந்தால், திசையற்ற உறவுகளை மென்பொருள் தன் விருப்பப்படி எழுதியிருக்கிறது. ரெஃபி-க்யூடிஏவில் திசையற்றது, ஒருவழி, இருவழி என்று மூன்று வகை உண்டு; நான்காவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து இதைக் குறித்துவையுங்கள்.

அறிகுறி: இரண்டாவது முறை இறக்குமதி செய்ததும் எல்லாம் இரட்டித்தது

முதல் முறைக்குப் பின் சில குறியீடுகளின் பெயரை மாற்றியிருப்பீர்கள். பெயரை வைத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை புதியவை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைக் கூற்று அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைத்திருந்தால், எது எதன் புதிய பெயர் என்று விரிதாளிலேயே பொருத்திப் பார்த்துவிடலாம். ரெஃபி-க்யூடிஏ கோப்பில் இந்த அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. இறக்குமதியின்போது அது தக்கவைக்கப்படுகிறதா, புதிதாகக் கொடுக்கப்படுகிறதா என்பதை ஒரே ஒரு குறியீட்டை அனுப்பித் திருப்பி வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த அறிகுறியிலும் அடங்காத கோளாறு

மூன்று கருத்துகள், இரண்டு இணைப்புகள், ஒரு பத்தி உரை. இவ்வளவு மட்டும் கொண்ட புதிய திட்டம் ஒன்றை உருவாக்கி அதே வழியில் அனுப்புங்கள். அதிலும் கோளாறு வந்தால் சிக்கல் வழியில் இருக்கிறது. மென்பொருள் தயாரிப்பாளருக்கு எழுதும்போது பங்கேற்பாளர்களின் உரைகள் இல்லாத இந்தச் சிறு கோப்பை மட்டும் அனுப்பினால் போதும். வரவில்லையென்றால் சிக்கல் உங்கள் தரவில் இருக்கிறது. கூற்று அட்டவணையைப் பாதியாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனியே இறக்குமதி செய்யுங்கள். கோளாறு வரும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் வரி உள்ள அட்டவணையிலும் பத்துத் தடவைக்குள் குற்றவாளி வரி தனியாக நிற்கும்.